ஆதாரம் சார்ந்த சிகிச்சை நம் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நடக்கிறது? அளந்து பார்க்கும் முறை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காகவோ, தர மேம்பாட்டு வேலைக்காகவோ ‘எவிடென்ஸ் பேஸ்டு பிராக்டிஸ்’, அதாவது ஆய்வு ஆதாரத்தை வைத்துச் சிகிச்சை செய்யும் பழக்கம், எவ்வளவு இருக்கிறது என்று அளக்கக் கிளம்புபவர்களுக்கு இது. வழக்கமாக நடப்பது என்ன? ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கி, சராசரி போட்டு, ஆய்வை முடித்துவிடுவார்கள். ஊழியர்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. வார்டில் என்ன நடக்கிறது என்று தெரிய கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை, புரட்டித்தான் ஆகவேண்டும்.

1. கேள்வித்தாளைத் தேர்ந்தெடுங்கள்

சொந்தமாகக் கேள்வி எழுத உட்காராதீர்கள். இதை அளப்பதற்கென்றே 2006-இல் வெளியான அப்டன் கேள்வித்தாள் தொடக்கநிலைக்குப் போதும். மொத்தம் 24 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கடந்த ஓராண்டில் என்ன செய்தார் என்பதற்கு 6, மனப்பாங்குக்கு 4, அறிவு-திறனுக்கு 14. உருவாக்கியவர்களிடம் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம்: அந்த 14 கேள்விகள் அறிவைச் சோதிப்பதில்லை. “எனக்கு இது எவ்வளவு தெரியும்” என்று அவரே தனக்குப் போட்டுக்கொள்ளும் மார்க்குதான் அது. உண்மையான சோதனை வேண்டுமென்றால் 2003-இல் வந்த ஃபிரெஸ்னோ தேர்வு இருக்கிறது. ஆனால் அதில் விடையை எழுதவேண்டும், திருத்தப் பயிற்சி பெற்றவர் வேண்டும். முதல் ஆய்வுக்கு அது பாரம்.

2. மொழி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், மூலத்தைப் பார்க்காமல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர். இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்தால் பிசகிய இடம் தெரிந்துவிடும். ‘எவிடென்ஸ்’ என்பதை வெறுமனே ‘சாட்சியம்’ என்று போட்டால் போலீஸ் கேஸ் ஞாபகம்தான் வரும். ‘ஆய்வு ஆதாரம்’ என்று எழுதுங்கள். விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் படித்த சிஸ்டர்களும் இருப்பார்கள். சரளமாகத் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். யார் எந்தப் பிரதியில் நிரப்பினார் என்பதையும் குறியுங்கள்.

3. எத்தனை பேர்?

95% நம்பகம், 5% பிழை என்று வைத்தால் பெரிய கூட்டத்துக்கு 384 பேர் தேவை. உங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் 120 பேர்தான் என்றால் திருத்தம் உண்டு: 384 ÷ (1 + 383/120) = சுமார் 92. திரும்ப வராத தாள்களுக்கு 10% ஒதுக்கினால் 102 ஆகிறது. 120-இல் 102 பேரைத் தேர்ந்தெடுத்து, விட்டுப்போன 18 பேரின் மனஸ்தாபத்தையும் ஏன் சம்பாதிக்கவேண்டும்? எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி இல்லாமல் ஒரு தாளையும் நீட்டாதீர்கள். சிறிய ஆஸ்பத்திரியில் கமிட்டி இருக்காது. நீங்கள் படிக்கும் கல்லூரியின் கமிட்டியில் கேளுங்கள்.

4. தாளைக் கொடுத்து வாங்குவது

அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். நர்சிங் சூப்பரண்டண்ட் கையால் கொடுத்து, அவர் கையாலேயே வாங்கினால் எல்லோரும் 6, 7 என்றே போடுவார்கள். பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை டியூட்டி ரூமில் வையுங்கள். பெயர் கேட்கவேண்டாம். மூன்று பேர் மட்டும் இருக்கிற வார்டில் “வயது 47, அனுபவம் 22 ஆண்டு” என்று எழுதச் சொன்னால் அது பெயரைக் கேட்டது போலத்தான். வயதை 30-க்குக் கீழ், 30–39, 40-உம் அதற்கு மேலும் என்று வகுத்துக்கொள்ளுங்கள். நைட் டியூட்டிக்காரர்கள் விடுபடாமல் இருக்க மூன்று ஷிப்டுக்கும் நேரில் போங்கள்.

5. கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள்

யார் முடிவெடுக்கும் விஷயமோ அவரைத்தான் அதை வைத்து அளக்கலாம். மருந்து எழுதுவது டாக்டர். அது விடுபட்டதற்கு நர்சுக்கு மார்க் குறைப்பது நியாயமில்லை. நர்சுகளுக்கு எளிய அளவீடு வென்ஃபிளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் போட்டுவைக்கும் ஊசிக்குழாய்). போட்ட தேதியும் நேரமும் பிளாஸ்டரில் இருக்கிறதா? ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த இடத்தைப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறதா? கட்டிலருகே நின்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டாக்டர்களுக்கு, 2 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கேஸ்களை எடுங்கள். நான்கு கேள்வி போதும்: ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) எழுதியிருக்கிறதா? துத்தநாக மாத்திரை உண்டா? அளவு சரியா (6 மாதத்துக்குள் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி.)? 14 நாள் என்று போட்டிருக்கிறதா? ஐந்தாவதாக, தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் மலத்தில் ரத்தம், காலரா சந்தேகம், நிமோனியா போன்ற வேறு தொற்று இருக்கும் கேஸ்களை அந்தக் கணக்கிலிருந்து மட்டும் விலக்கவேண்டும். இல்லாவிட்டால் சரியாக மருந்து கொடுத்த டாக்டர் தப்பு செய்தவராகிவிடுவார்.

ஷீட்டில் அடிக்கடி கண்ணில் படுவது இப்படி இருக்கும்: “டேப். ஜிங்க் 20 மி.கி. ஓ.டி.” (துத்தநாக மாத்திரை, தினம் ஒருமுறை). அவ்வளவுதான், எத்தனை நாள் என்று இருக்காது. குழந்தை 6 மாதத்தைத் தாண்டியதென்றால் அளவுக்கு ‘ஆம்’, நாளுக்கு ‘இல்லை’. “வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்” என்று இரக்கப்பட்டு ‘ஆம்’ போடக்கூடாது. அதே நேரம், நீங்கள் அளப்பது எழுதிவைத்ததை என்று அறிக்கையில் சொல்லிவிடுங்கள். கஞ்சித்தண்ணீர் கொடுக்கச் சொன்னதை யார் ஷீட்டில் எழுதுகிறார்கள்?

ஓ.பி. சீட்டு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். ஆகவே உள்நோயாளி ஷீட்டுகளை எடுங்கள். 180 இருந்து 30 வேண்டுமென்றால் ஆறுக்கு ஒன்று; தொடங்கும் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஷீட்டுகள் எல்லாம் கேள்வித்தாள் கொடுப்பதற்கு முந்தைய தேதியில் இருக்கட்டும். தாள் கைக்கு வந்த மறுநாளே எழுத்து திருந்திவிடும்!

முதல் 10 ஷீட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள். நான்கு கேள்வி வீதம் 40 முடிவுகள். அதில் 36 ஒத்துப்போனால் 90%. நிறைய முரண்பட்டால் ஆளைக் குறை சொல்லாமல் கேள்வியின் வரையறையைத் திருத்துங்கள்.

6. கணக்கு

மூன்று பிரிவுக்கும் தனித்தனி சராசரி போடுங்கள். 24-ஐயும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் 14 கேள்வி உள்ள பிரிவு மற்றதை விழுங்கிவிடும். விடுபட்ட இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். ஆறு கேள்வியில் ஐந்துக்கு 5 போட்டு, ஒன்றை விட்டவரின் சராசரி 5. பூஜ்யம் போட்டால் 4.17 ஆகிவிடும். எக்செலில் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆவரேஜ் ஃபார்முலா அதைத் தானே ஒதுக்கிவிடும். 24-க்கும் 7 என்றே வட்டம் போட்ட தாளைத் தனியாகக் குறித்து, அதைச் சேர்த்தும் விட்டும் ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

கேள்வித்தாள், கேஸ் ஷீட் இரண்டின் முடிவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். டாக்டர்களிடமும் கேள்வித்தாள் வாங்கியிருந்து, அவர்கள் தங்களுக்கு 7-க்கு 5.5 கொடுத்திருக்க, 30 ஷீட்டில் 11-இல்தான் 14 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே பயிற்சி வகுப்புக்கு ஏற்பாடு செய்யாதீர்கள். முதலில் ஃபார்மசிக்குப் போய் ஸ்டாக் பாருங்கள். எல்லா மருந்தையும் மூன்று நாளைக்கே கொடுப்பது அங்கே வழக்கமென்றால், 14 நாள் எழுதினாலும் அம்மா கையில் போவது மூன்று மாத்திரைதான்.