மழைக்கு முன்னால் டயர் பள்ளத்தை அளந்துவிடுங்கள்

வேகமான கார்களுக்கென்று வரும் அகலமான, மென்மையான டயர் காய்ந்த ரோட்டில் அருமையாகப் பிடிக்கும். அதை நம்பித்தான் இரண்டு வருஷம் ஓட்டினேன். போன ஐப்பசியில் மாமல்லபுரம் தாண்டி நல்ல மழை. வேகம் 80தான். தேங்கிய தண்ணீரில் ஏறியதும் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிட்டது, திருப்பினால் வண்டி கேட்கவில்லை. டயருக்கடியில் தண்ணீர் புகுந்து வண்டியை மிதக்க விட்டிருந்தது. நல்லவேளை, பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். ஓரிரு விநாடியில் பிடிப்பு திரும்பியது.

வீட்டுக்கு வந்து, தண்ணீரை வெளியே தள்ளும் டயர் பள்ளங்களின் ஆழத்தை அளந்தால், வெளிப்பக்கம் 4 மி.மீ. இருந்தது, உள்பக்கம் 2 மி.மீ.தான். நின்றபடி பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அந்த அளவைக் காட்டும். ஆனால் மழைக்கு அது போதவே போதாது. 3 மி.மீ. ஆனதும் நான் மாற்றிவிடுகிறேன். அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம், காற்று குறைந்தாலும் மிதக்கும். காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் சூடாகாதபோதே பாருங்கள்.

புது டயரின் பக்கவாட்டில் டிராக்‌ஷன் என்று போட்டிருந்தால், ஏஏ அல்லது ஏ எடுங்கள். ஈர ரோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்துத் தரும் தரம் அது.