மலைநடைப் பையில் என்னென்ன வைக்கலாம்?

ஒரு நாள் மலைநடைக்குப் பை கட்டும்போது முதலில் எண்ண வேண்டியது தண்ணீர். மிதமான வெயிலில் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் என்று கணக்கிட்டு, வெப்பம் மிகுந்தால் அதனினும் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், அடிவாரம் புழுக்கமாக இருந்தாலும் கம்பளி மேலாடை ஒன்றும் மழைச்சட்டையும் பையில் இருப்பது அவசியம். பருத்தி உடை வியர்வையை உறிஞ்சி ஈரத்தைத் தேக்கிவைத்து, காற்று வீசும்போது உடலை விரைவில் குளிரச் செய்யும். ஆகவே எளிதில் உலரும் செயற்கை இழைத் துணியே நல்லது. காலணி புத்தம் புதிதாக இருக்கக் கூடாது. கொப்புளம் தோன்றும் முன்பே, தோல் எரியத் தொடங்கிய இடத்தில் ஒட்டுவதற்குப் பிளாஸ்திரியும், மாற்றுக் காலுறையும் வேண்டும்.

இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையில் பலர் விளக்கை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றனர். கைப்பேசி வெளிச்சத்தை நம்பி நடந்தால், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் அதில் சார்ஜ் இருக்காது. தலையில் அணியும் விளக்கு, விசில் (மூன்று முறை ஊதுவது பல இடங்களில் ஆபத்துக்கான குறிப்பு), முதலுதவிப் பொருள்கள், தாள் வரைபடம் ஆகியவற்றால் சுமை பெரிதாகக் கூடிவிடாது. கனமான பொருள்களை முதுகையொட்டி, பையின் நடுப்பகுதியில் வைத்தால், ஏறும்போது பை பின்னோக்கி இழுக்காது.