கடையில் இனித்த ஹெட்ஃபோன் கம்பெனியில் ஏன் கசக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் எனக்கு வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு வரிசை பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், ஒரு கிழட்டு ஏசி, ஓயாமல் மணியடிக்கும் தொலைபேசி. ஆர்டர் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பாட்டு இல்லாமல் எனக்கு ஓடாது. எட்டு ஆண்டுகளில் ஐந்து ஹெட்ஃபோன் வாங்கியிருக்கிறேன். எதுவும் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியதில்லை. ஐந்தில் மூன்று தண்டம். அந்த மூன்றும் கடையில் கேட்டபோது அருமையாகத்தான் இருந்தன.

தவறு அங்கேயே தொடங்குகிறது. கடைக்காரர் தன் கைபேசியில் தாளம் அதிரும் பாட்டு ஒன்றை வைத்து, ஒலியை முக்கால் பங்குக்கு ஏற்றித்தான் கொடுப்பார். இரண்டு ஹெட்ஃபோன்களில் எது சற்று உரக்கப் பாடுகிறதோ அதுவே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். எல்லோருடைய காதும் அப்படித்தான். ஆகவே உங்கள் கைபேசியில், உங்களுக்கு மனப்பாடமான பாட்டை, மெதுவாக வைத்துக் கேளுங்கள். எண்பதுகளின் பாட்டு என்றால் பேஸ் கிட்டார் போகும் பாதை தனியாகத் தெரிகிறதா, அல்லது வெறும் ‘தொம் தொம்’ என்று ஒரே கும்மலாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பாடுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் அதைக் கீழே வைத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய தவறு, தான் உட்காரும் இடத்தின் சத்தம் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் கடைக்குப் போவது. ஏ.என்.சி. என்று பெட்டியில் போட்டிருப்பது வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அடக்கும் ஏற்பாடு. ஏசி, ஜெனரேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் போல ஒரே சுருதியில் நீளும் தாழ்ந்த இரைச்சலை அது நன்றாகக் குறைக்கும். பக்கத்து மேசைப் பேச்சு, தொலைபேசி மணி, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினின் கரகரப்பு ஆகியவற்றிடம் விலை குறைந்த ஏ.என்.சி.யின் பருப்பு அவ்வளவாக வேகாது. அவற்றைத் தடுப்பது, காதுக்குள் செருகும் ஹெட்ஃபோனின் முனையில் இருந்து காதுத் துளையை இறுக அடைக்கும் ரப்பர் மூடிதான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் வழியாக நேரே முகத்தில் அடிக்கும் இருக்கை என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: வெளி மைக்கில் காற்று மோதி, ஹெட்ஃபோனே புதிதாக ஒரு உறுமலைக் கொடுக்கும். மேசை ஃபேனும் இதைச் செய்யும்.

நான் ஏமாந்த கதை ஒன்று. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘இ.என்.சி.’ என்று இருந்தது. ஏ.என்.சி.யின் தம்பி போலும் என்று நினைத்து வாங்கிவிட்டேன். வந்து மாட்டினால் ஏசியின் முனகல் கொஞ்சமும் குறையவில்லை. இ.என்.சி. என்பது நாம் பேசும்போது நம் மைக்கைச் சுற்றியுள்ள சத்தத்தைக் குறைத்து, எதிர்முனையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கச் செய்வது. நாம் கேட்கும் பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஆயிரத்து நானூறு ரூபாய்.

ரப்பர் மூடி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஹெட்ஃபோன்கள் பாதி அவப்பெயர் வாங்குவது இதனால்தான். பெட்டிக்குள் பெரும்பாலும் மூன்று அளவில் மூடிகள் இருக்கும். நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும். மற்ற இரண்டையும் பெட்டியோடு தூக்கி எறிந்துவிடுகிறோம். மூடி சரியாக அடைக்காவிட்டால் தாழ்ந்த சுருதிகள் முதலில் ஒழுகிப் போய்விடும்; மிருதங்கம் தகர டப்பா போலக் கேட்கும். சோதிப்பது எளிது. மாட்டிக்கொண்டு விரலால் இலேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி, கூடினால் அந்த அளவு உங்களுக்குச் சின்னது. எனக்கு இடது காதுக்குப் பெரியது, வலது காதுக்கு நடு அளவு. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பெட்டியில் உள்ள எண்களை நம்பி வாங்குவதும் வீண். ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பது மனிதக் காது கேட்கும் எல்லை. ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அச்சாகியிருக்கும். ‘40 மணி நேரம் பாடும்’ என்றால் பெரும்பாலும் சார்ஜ் செய்யும் டப்பாவையும் சேர்த்த கணக்கு. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவர்கள், டப்பாவில் வைக்காமல் எத்தனை மணி நேரம் வரும் என்று தனியாகக் கேட்க வேண்டும். 4,999 ரூபாயை அடித்துவிட்டு 999 என்று எழுதியிருந்தால், அது 999 ரூபாய்ப் பொருள்தான். வயர் இல்லாதது என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் ‘ஆர்’ என்ற எழுத்தோடு பெட்டியில் இருக்க வேண்டும், அவர்களுடைய பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம்.

காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்ஃபோன் மார்கழியில் சுகம். சித்திரையில் காது அவியும். மலிவான போலித் தோல் வியர்வையில் ஊறி, ஓராண்டில் கறுப்புச் செதில்களாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் காம்பு இடைவெளி விடுவதால் சத்தம் உள்ளே வந்துவிடும்.

கம்ப்யூட்டரோடு பொருந்துமா என்பதைப் பலரும் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டு ஓடும்போது வீடியோ மீட்டிங் ஒன்றைத் திறந்து பாருங்கள்: ஹெட்ஃபோனின் மைக் விழித்ததும் பாட்டு பழைய டிரங்க் கால் தரத்துக்கு இறங்கிவிடும். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மீட்டிங்குக்குக் கம்ப்யூட்டரின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். வயர் உள்ளது என்றால் 3.5 மி.மீ. பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று எண்ணுங்கள். மூன்று என்றால் மைக்கும் சேர்ந்தது. மைக்குக்கும் ஒலிக்கும் தனித்தனித் துளை உள்ள பழைய கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது; இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

இனி ஒலி அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி நேரம், 86-க்குப் பத்து. வெளிச்சத்தத்தை அமுக்குவதற்காகப் பாட்டை ஏற்றுகிறவர் இந்தக் கணக்கில் செவ்வாய்க்கிழமையே வாரத்தை முடித்துவிடுவார். இறுக அடைக்கும் மூடிக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்குவது இதற்காகத்தான். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. கைநீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டிய இடத்தில் தேவை காதுப் பாதுகாப்புச் சாதனம். ஓடும் மெஷின் அருகே பாட்டு ஆபத்து.

அலுவலக மேசையிலும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் “ஏனுங்க தம்பி, எத்தனை தடவை கூப்பிடுவது?” என்று கட்டிங் மாஸ்டர் தோளைத் தட்டுவார். அதனால் நான் பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் மாட்டுகிறேன். அப்படிச் செய்பவர்கள் கைபேசியின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்பில், இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் ‘மோனோ ஆடியோ’வை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய பாட்டுகளில் பாதி வாத்தியங்கள் மறுபக்கத்துக்குப் போய்விடும். வயலின்கள் முழுவதும் சட்டைப் பைக்குள் வாசித்துக்கொண்டிருக்கும்.