பேஸ் கிற்றாரின் பிக்கப்பும் தந்தி இடைவெளியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பேஸ் கிற்றாரின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வைக் காந்தத்தாலும் கம்பிச் சுருளாலும் மின்சைகையாக்கும் உறுப்பை, மாற்ற நினைப்பவருக்கு, கடைக்குப் போய் நாலைந்தைப் பொருத்திப் பார்த்து வாங்கும் வசதி கிடையாது. கொழும்பில் சொல்லிவைத்தோ, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் மூலமோ எடுப்பிக்க வேண்டும். வந்தது பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவதும் இலேசில் ஆகாது. ஆகவே ஈயப் பற்றுக்கோலைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்னரே, அளவெடுக்கும்போதே, பெரும்பாலான தவறுகள் நேர்ந்துவிடுகின்றன.

அவற்றுள் முதன்மையானது, உடலில் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் அளந்த தந்தி இடைவெளியைப் பிக்கப்பின் இடைவெளியாகக் கொள்வதாகும். தந்திகள் இணையாக ஓடுவதில்லை. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜை நோக்கி விரிந்துகொண்டே செல்கின்றன. 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீற்றர் தந்தி நீளமுள்ள வழமையான நான்கு தந்திப் பேஸை எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜில் தந்திக்குத் தந்தி 19 மி.மீ. என்றால், வெளித்தந்திகளான ஈ, ஜி இரண்டில் ஈ தந்தியின் நடுவிலிருந்து ஜி தந்தியின் நடுவரை 57 மி.மீ. வரும், நட்டில் அதே அகலம் ஏறத்தாழ 30 மி.மீ. ஆகிவிடும். இக்கணக்கின்படி, பிரிட்ஜிலிருந்து 60 மி.மீ. தள்ளியிருக்கும் பின் பிக்கப்பின் மேல் அகலம் 55 மி.மீ. அளவிலும், 150 மி.மீ. தள்ளியிருக்கும் முன் பிக்கப்பின் மேல் 52 மி.மீ. அளவிலும் இருக்கும். பெண்டர் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் வகையில், பின் பிக்கப் முன் பிக்கப்பைவிட ஓரிரு மில்லிமீற்றர் நீளமாக இருப்பது இதனால்தான். ஆயினும் மலிவான பிரதிகள் சிலவற்றில் இரண்டும் ஒரே நீளமாக இருப்பதால், "ஜாஸ் பேஸ் சோடி" என்று மட்டும் சொல்லி வாங்குபவர், ஒன்று பேஸின் உடலிலுள்ள குழிக்குள் இறங்காமல் நிற்பதைக் கண்டு திகைக்க நேரிடுகிறது.

அடுத்தது, விபரக்குறிப்பிலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்று பாராமல் விடுவது. ஒரு நிறுவனம் அடுத்தடுத்த தந்திகளின் இடைவெளியைத் தரும். இன்னொன்று வெளித்தந்திகளுக்கு இடைப்பட்ட முழு அகலத்தைத் தரும். வேறு சிலவோ உறையின் நீளத்தை மாத்திரம் தரும். பிக்கப் தயாரிக்கும் ஈ.எம்.ஜி. நிறுவனத்தின் 35, 40, 45 என்ற எண்கள் உறையின் நீளம் 3.5, 4, 4.5 அங்குலம் என்பதையே சொல்கின்றன. ஐந்து தந்திப் பேஸில் இக்குழப்பம் கூடுதலாகப் பாதிக்கும், ஏனெனில் பிரிட்ஜ் இடைவெளி 17 மி.மீ. என்றால் முழு அகலம் 68, 19 என்றால் 76.

நானும் இதில் அகப்பட்டவன்தான். தேவாலயப் பாடகர் குழு ஒன்றின் ஐந்து தந்திப் பேஸுக்கு வரவழைத்த பிக்கப், உறை குழிக்குள் கச்சிதமாக இறங்கியதும் வேலை முடிந்ததென்று மகிழ்ந்தேன். வாசித்தபோது ஏ, டி தந்திகள் முழங்கின. பி தந்தியோ அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோல் ஒலித்தது. மேலிருந்து குனிந்து பார்த்தால், கறுத்த உறையில், தந்திகளுக்கு நேர்கீழே இருக்கவேண்டிய காந்தமுனைகளின் வரிசை உள்ளொடுங்கி இருக்க, பி தந்தியும் ஜி தந்தியும் கடைசி முனைகளைத் தாண்டி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வெளியே ஓடிக்கொண்டிருந்தன.

எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது முனைகளின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு தந்திக்கு இரண்டு முனைகள் உள்ள ஜாஸ், பிரிசிஷன் வகைகளில் தந்தி இரண்டுக்கும் நடுவே செல்வதால், ஒரு மில்லிமீற்றர் விலகல் காதுக்குத் தெரிவதில்லை. அதைப் பார்த்துக் கவலைப்படுவது கண்ணின் குறையே ஒழிய ஒலியின் குறையன்று. தனித்தனி முனைகளுக்குப் பதிலாக உள்ளே நீளமான ஒற்றைப் பட்டை உள்ள பிக்கப் எந்த இடைவெளிக்கும் ஏற்றதென்று சொல்லப்படுவது பெருமளவு உண்மை. ஆனால் பட்டையின் அந்தங்களில் காந்தப்புலம் மெலிவதால், பட்டை வெளித்தந்திகளையும் கடந்து சற்று நீண்டிருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஒரு தந்தி மெலிந்து ஒலித்தவுடன் இடைவெளிதான் காரணமென்று முடிவுகட்டி, புதிய பிக்கப்புக்குப் பணம் அனுப்புவது. கழுத்தைப் பிடிக்கும் நான்கு திருகாணிகள் தளர்ந்து கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தால், தந்திகள் அனைத்தும் ஒரே திசையில் விலகியிருக்கும். தந்திகளைத் தளர்த்தி, திருகாணிகளைச் சிறிது இளக்கி, கழுத்தை நேராக்கி இறுக்கினால் போதும். பிக்கப்பின் கீழே வைக்கும் பஞ்சு நாளடைவில் நசிந்து ஒரு பக்கம் தாழ்வதும், கடற்காற்றில் பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யும் திருகாணிகள் துருவேறி அசையாமற்போவதும் கல்லடிப் பக்கத்து வீடுகளில் எனக்குப் பழகிப்போன காட்சிகள். விரற்பலகை குறுக்குவாட்டில் வளைந்தும் முனைகளின் வரிசை தட்டையாகவும் இருந்தால், நடுத்தந்திகள் முனைகளிலிருந்து தூரமாகி மெலியும். இது உயரத்தின் கோளாறே தவிர இடைவெளியின் கோளாறல்ல.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஜி தந்தியை 15ஆம் பிரெட்டில் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி) அழுத்தி வாசித்து, ஒலிக்கும்போதே டி தந்தியின் பக்கமாக 5 மி.மீ. தள்ளுங்கள், முன் பிக்கப்பின் மேல் அது ஏறத்தாழ 2 மி.மீ. உள்ளே நகரும். சுருதி உயர்வதைப் பொருட்படுத்தாமல் ஒலியின் பலத்தை மட்டும் கவனியுங்கள். பலம் தெளிவாகக் கூடினால் குறை இடைவெளியில் இருக்கிறது. மாறாவிட்டால் உயரத்தைத் திருத்துங்கள். தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையிலான உயரத்தைக் கடைசிப் பிரெட்டை அழுத்தியபடியே அளக்க வேண்டும். மூன்று மில்லிமீற்றரில் தொடங்குவது நல்லது. பலம் வேண்டுமென்று அளவுக்கு மீறி உயர்த்தினால், காந்தம் தந்தியை இழுத்து ஒலி தள்ளாடும்.

சோடியில் ஒன்றை மட்டும் மாற்றுவோர், அதன் காந்தத் திசையும் சுருளின் சுற்றுத் திசையும் மற்றதற்கு ஒத்துவருகின்றனவா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டம், அதாவது இரண்டின் மின்னலைகள் ஏறி இறங்கும் ஒழுங்கு, ஒன்றுக்கொன்று எதிராகிவிட்டால், இரண்டின் ஒலியையும் திறக்கும்போது பேஸின் அடித்தொனியே காணாமற்போகும்.

அளவெடுப்பதற்கு வேணியர் இடுக்கிமானி இருந்தால் நன்று, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு காகிதக் கீற்றைத் தந்திகளின் கீழே, பிக்கப்பின் நடுக்கோட்டின் மேல் செருகி, ஒவ்வொரு தந்தியின் நடுவிலும் கூர்ப்பென்சிலால் புள்ளியிடுங்கள். முன், பின் என்று இரண்டு கீற்றுகள் தேவை; எது எதுவென்று அப்போதே எழுதிவிடுங்கள். கீற்றை அடிமட்டத்தின் மேல் வைத்துப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பி, வெளி முனைகளின் நடுவிலிருந்து நடுவரையான அகலத்தைக் கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் நான் வாங்குவதில்லை.