வெளிநாடு போகும் குமரி மாவட்டத்தாருக்கு: குடியை நிறுத்த உதவும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

"கல்ஃபுக்கு அனுப்பிவிட்டால் திருந்திவிடுவான்" என்று குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். மதுவுக்குத் தடை உள்ள நாடு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் தடை உள்ள இடத்தில்தான் கள்ளச்சரக்கு ஓடும். 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த சரக்கு இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கள்ளச்சரக்கைத் தொடாதவருக்கும் முதல் வாரத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது.

தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும், தூக்கம் போய்விடும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, இருக்கும் இடம் தெரியாமல் உளறுவது எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் முன் கடைசி பெக் போட்டவருக்கு இதெல்லாம் புது கேம்ப் அறையில், முகம் தெரியாத ஆட்கள் நடுவில் வரும். வெயில் அடித்துவிட்டது என்று அவர்கள் மோர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அப்படி விடக்கூடாது. வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே ஆம்புலன்ஸ்: அமீரகம் 998, சவூதி 997, குவைத் 112, கத்தார் 999, சிங்கப்பூர் 995. டாக்டரிடம் "தினமும் குடித்தவர், நிறுத்தி இத்தனை மணி நேரம்" என்று சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

ஆகவே விசா வந்ததுமே, பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ வேறு மனநல டாக்டரிடமோ காட்டி, ஊரிலேயே நிறுத்திவிட வேண்டும். நடுக்கத்துக்குத் தரும் குளோர்டயசெப்பாக்சைடு, டயசெபாம், லோராசெபாம் போன்ற மாத்திரைகளின் கோர்ஸையும் இங்கேயே முடியுங்கள். வளைகுடா நாடுகளில் இவை கட்டுப்பாட்டு மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே கேஸ் ஆகும். டாக்டர் சீட்டு மட்டும் காப்பாற்றாது.

உடம்பிலிருந்து மது இறங்கிய பிறகுதான் கூட்டத்தின் வேலை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நாம் சொல்லும் ஏ.ஏ., குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடி அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு; 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, சேர்க்கைப் படிவம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கம்பெனிக்கோ தூதரகத்துக்கோ யாரும் பெயர் கொடுப்பதில்லை.

தேட எளிய வழி 'மீட்டிங் கைடு' என்ற இலவச ஆப்; நீல நிறத்தில் நாற்காலிப் படம் போட்டிருக்கும். போய் இறங்கும் ஊரின் பெயரை இங்கிருந்தே போட்டுப் பாருங்கள். சில நாடுகளில் முகவரி இருக்காது, தொடர்பு எண்ணோ மின்னஞ்சலோ மட்டும் இருக்கும். பட்டியல் பழையதாகி, போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருப்பதும் உண்டு. போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். 'ஓப்பன்' கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம், 'குளோஸ்டு' கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். லண்டனிலோ டொரன்டோவிலோ சர்ச் ஹாலில் நடந்தால் மிரள வேண்டாம், அது வாடகை இடம். தொடக்கத்தில் பிரார்த்தனை உண்டு. மதம் கேட்க மாட்டார்கள்.

தமிழ்க் கூட்டம் எல்லா ஊரிலும் இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு ஒரு வசதி: மலையாளக் கூட்டத்திலும் தாராளமாக உட்காரலாம். இரண்டும் இல்லாவிட்டால் ஊரில் பழகிய குழுவின் ஆன்லைன் கூட்டம். இந்திய நேரம் இரவு 8 மணி என்றால் துபாயில் 6.30, குவைத்திலும் சவூதியிலும் 5.30, சிங்கப்பூரில் 10.30. ஐந்தரைக்கு சைட் பஸ்ஸிலேயே இருப்பீர்கள் என்றால் வேறு நேரக் கூட்டம் பாருங்கள். ஜூமில் நுழையும்போது உங்கள் முழுப் பெயரும் போட்டோவும் தானாகவே தெரியும். பெயரை ஒரே சொல்லாக மாற்றிவிட்டு, படத்தை எடுத்துவிடுங்கள். ஆறு பேர் தங்கும் அறையில் ஹெட்போன் கட்டாயம். நீங்கள் மட்டும் கேட்பதற்கல்ல, மற்றவர் பகிர்வு வெளியே போகாமல் இருப்பதற்கு.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஒருவர் பேசும்போது இடையில் யாரும் பேச மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். பேச மனமில்லாவிட்டால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். காணிக்கைத் தட்டு வந்தால் புதியவர் போட வேண்டியதில்லை. முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் நம்பர் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மாலை அறையில் பாட்டில் திறக்கும்போது கூப்பிட அந்த நம்பர்தான் உதவும். முதல் கூட்டம் ஒட்டவில்லை என்று விட்டவர்கள் நிறைய. வேறு வேறு குழுக்களில் ஐந்தாறு தடவையாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். படகில் வேலை செய்யும் தூத்தூர்க்காரர்களுக்குக் கடலில் சிக்னல் இருக்காது. கரை ஏறிய அன்றே கூட்டம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் இருக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது. லீவுக்கு வந்தவரின் சாப்பாட்டில் ரகசியமாக 'குடி மறக்கும் பொடி' கலக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பொடியில் டைசல்ஃபிராம் என்ற, மதுவோடு சேரக்கூடாத மருந்து கலந்திருந்து அவர் வெளியே குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

லீவில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கல்யாண வீடு, பழைய கூட்டாளிகள், கையில் காசு. டிக்கெட் போட்ட அன்றே ஊர்க் குழுவுக்கு வரும் தேதியைச் சொல்லிவிடுங்கள். மாமா கேட்கும் டூட்டி ஃப்ரீ பாட்டிலைச் சுமக்க வேண்டாம். பால்பவுடரும் கோடாலித் தைலமும் போதும், அவர் முகம் கோணினால் கோணட்டும்.