கொத்தின் ஓரத்துப் பேரடைகளில் ஹைட்ரஜனை அளப்பது எப்படி?

பல பேரடைகள் ஈர்ப்பால் சேர்ந்த கொத்தை நோக்கி விழும் சுருள் பேரடை, அங்கு நிறைந்திருக்கும் சூடான வாயுவை ஊடுருவும்போது, விண்மீன்களுக்கு எதுவும் நேராமல், விளிம்பில் தளர்வாகப் பிணைந்துள்ள நடுநிலை (மின்னூட்டமற்ற) ஹைட்ரஜன் மட்டும் உரிந்து போகக்கூடும். அந்த இழப்பை, ஹைட்ரஜன் உமிழும் 21 செ.மீ. ரேடியோ அலையில் அளக்கலாம்.

முதலில், ஒளியியல் நிறமாலை தரும் விலகு வேகத்தைக் கொண்டு அதிர்வெண்ணைக் கணக்கிடுங்கள். 1420.406 மெகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடு, நொடிக்கு 1,000 கி.மீ. வேகத்தில் விலகும் பேரடைக்கு ஏறத்தாழ 1415.7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பதிவு செய்யும் அதிர்வெண் பட்டையை அங்கே மையப்படுத்தி, கோடு இல்லாத சேனல்கள் (பட்டையின் சிறு கூறுகள்) இருபுறமும் தாராளமாகக் கிடைக்கும்படி அகலம் வையுங்கள். சேனல் ஒன்றுக்கு நொடிக்கு 5 கி.மீ., அதாவது சுமார் 24 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் சுழற்சி தெளிவாகத் தெரியும். நமக்கு அருகிலுள்ள பெரிய கொத்தான கன்னிக் கொத்தில் சில பேரடைகள் நம்மை நோக்கியே வருகின்றன. வேகம் சுழியத்தை நெருங்கும் இலக்குகளில் பால்வழியின் ஹைட்ரஜன் குறுக்கிடும்.

ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கி மொத்த வாயுவைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. வடிவத்துக்குத் தொலைநோக்கி அணி வேண்டும். ஆனால் அணியின் மிகக் குறுகிய இடைவெளிதான் அது காணக்கூடிய பெரிய கட்டமைப்பைத் தீர்மானிக்கிறது: அமெரிக்காவின் ரேடியோ தொலைநோக்கி அணியான வி.எல்.ஏ.வின் நெருக்கமான அமைப்பில்கூட 21 செ.மீ.யில் சுமார் 16 வில்நிமிடத்துக்கு மேல் பரந்த ஒளி தப்பிவிடும். எனவே, வாயு உரிந்துவிட்டது என எழுதுமுன், அணி தந்த மொத்தத்தை ஒற்றைத் தட்டின் மொத்தத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அதிகப் பிழை நுழைவது தொடர் கதிர்வீச்சை, அதாவது எல்லா அதிர்வெண்களிலும் பரவி வரும் பின்னணியை, கழிக்கும் இடத்தில். கன்னிக் கொத்தின் ராட்சதப் பேரடையான எம்87 ஒன்றே இந்த அலைநீளத்தில் சுமார் 200 யான்ஸ்கி (ரேடியோ செறிவின் அலகு) பொழிகிறது. நாம் தேடுவதோ மில்லியான்ஸ்கிகளை. கோடு இல்லாத சேனல்களில் நேர்கோடு ஒன்றைப் பொருத்திக் கழிப்பதே என் வழக்கம். உயர்படிப் பல்லுறுப்புக்கோவை ஓரங்களில் அழகாகப் பொருந்தினாலும், கோட்டின் அடியில் இல்லாத பள்ளத்தை உண்டாக்கிவிடும். பிறகு தரவுக் கனசதுரத்தை (ஒவ்வொரு சேனலின் படத்தையும் அடுக்கிய தொகுப்பை) சற்று மழுக்கி, அடுத்தடுத்த 3 சேனல்களிலாவது இரைச்சலைப் போல் மும்மடங்கைத் தாண்டும் இடங்களை மட்டும் கூட்டுங்கள்.

அந்தக் கூட்டுத்தொகையை (யான்ஸ்கி கி.மீ./நொடி) மெகாபார்செக்கில் (ஒன்று சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) சொன்ன தொலைவின் வர்க்கத்தாலும் 2,36,000 ஆலும் பெருக்கினால் சூரிய நிறைகளில் விடை வரும். தொகை 10, தொலைவு 16.5 என்றால் ஏறத்தாழ 64 கோடி. தொலைவை வேகத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கொத்துக்குள் நொடிக்கு 2,000 கி.மீ. வேகமுள்ள பேரடையை, ஹபிள் மாறிலி (விலகு வேகத்தைத் தொலைவோடு இணைக்கும் எண்) 70 எனக் கொண்டு, 28.6 மெகாபார்செக்கில் வைத்தால் நிறை மும்மடங்காகிவிடும். 

பின்னர், அதே விட்டமும் வகையும் கொண்ட தனிமைப் பேரடைகளில் எதிர்பார்க்கப்படும் ஹைட்ரஜன் நிறையின் மடக்கையிலிருந்து (அடிமானம் 10), அளந்த நிறையின் மடக்கையைக் கழியுங்கள். 0.3 வந்தால் பாதி வாயு இல்லை, 0.6 என்றால் கால்பங்கே மிச்சம்.

இறுதியாக, வாயு வரைபடத்தை விண்மீன் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே சிதைந்திருந்தால் அண்டைப் பேரடையின் ஈர்ப்பைச் சந்தேகிக்கலாம். கன்னிக் கொத்தின் சுருள் பேரடையான என்ஜிசி 4522இல் இருப்பதுபோல் விண்மீன் தட்டு குலையாமல், வாயு மட்டும் உள்ளே சுருங்கி ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தால், அது கொத்தின் சூடான வாயு எதிர்த்துத் தள்ளும் மோதல் அழுத்தம்.