கம்பம் ஏறும் காந்த ரோபோ: வழுக்காமல் ஏற என்ன செய்யலாம்

காந்தத்தால் ஒட்டிக்கொண்டு ஏறும் ரோபோவுக்கு ஏற்ற கம்பம் தேட, முதலில் கையில் ஒரு காந்தத்தோடு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் எங்கே போனாலும் சிமெண்ட் கம்பம் நிற்கும், அதில் காந்தம் ஒட்டாது. அலுமினியத்திலும் ஒட்டாது, எவர்சில்வர் குழாயில் பெரும்பாலும் ஒட்டாது. இரும்பாகவே இருந்தாலும் கரண்ட் கம்பம் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியில் ஷெட்டுக்கு நட்ட மூன்று அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதும்.

அப்புறம் கணக்கு. காந்தம் ரோபோவைப் பைப்போடு சேர்த்து அழுத்தத்தான் செய்யும், கீழே வழுக்காமல் தாங்குவது சக்கரத்தின் உராய்வு. ரோபோ அரை கிலோ, ரப்பர் சக்கரத்தின் உராய்வுக் கெழு (அழுத்தத்தில் எத்தனை பங்கு பிடியாகிறது என்பது) 0.5 என்று வைத்தால் ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பதால் மூன்று கிலோவாவது வையுங்கள். கடைக்காரர் ‘பத்து கிலோ இழுக்கும்’ என்பது தட்டையான, தடித்த இரும்பில் ஒட்டிப் பார்த்த கணக்கு; வளைந்த, மெல்லிய பைப்பில் அதை எதிர்பார்க்காதீர்கள். லக்கேஜ் தராசை மாட்டி நீங்களே இழுத்துப் பாருங்கள்.

காந்தம் பைப்பைத் தொடவே கூடாது, தொட்டால் உரசி பிரேக் போட்டுவிடும். சேஸிஸில் (ரோபோவின் உடல் சட்டத்தில்) பொருத்தி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் பிடி மளமளவென்று குறையும், அதனால் வாஷர் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்யும்படி போல்ட் போடுங்கள். இரண்டு காந்தத்தை வடக்கு, தெற்கு மாற்றி வைத்து முதுகில் ஓர் இரும்புப் பட்டை கொடுத்தால், அதே காந்தம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். சக்கரங்களை உள்பக்கம் சாய்த்து வைத்தால் வளைவில் உட்காரும்.

ரோபோ பெரும்பாலும் விழுவது மேல் சக்கரம் பிரிந்துதான். எடை மையம் பைப்பிலிருந்து 4 செ.மீ. தள்ளியிருந்து, மேல் கீழ் சக்கரங்களுக்கு நடுவே 10 செ.மீ. இருந்தால், அரை கிலோ ரோபோவில் 200 கிராம் விசை மேல் சக்கரத்தைப் பிரிக்கப் பார்க்கும். பேட்டரியைப் பைப்பை ஒட்டிப் படுக்க வையுங்கள், காந்தத்தை மேல்பக்கம் கூட்டுங்கள்.

மோட்டார்? சக்கர ஆரம் 2 செ.மீ. என்றால் சும்மா நிற்கவே மொத்தம் 1 கிலோ-செ.மீ. முறுக்கு வேண்டும், இரட்டிப்பாக வாங்குங்கள். வொர்ம் கியர் (திருகு வடிவப் பல்லிணை) இருந்தால் பேட்டரி தீர்ந்தாலும் பெரும்பாலும் கீழே உருளாது.

வேலூர் கத்திரி வெயிலில் காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது, சாதாரண நியோடிமியம் காந்தமே 80 டிகிரி வரை தாங்கும். ஹாட் குளூவும், 3டி பிரிண்டரில் அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கும்தான் இளகும், அதனால் எபாக்ஸி பசை போட்டு கிளாம்பும் மாட்டுங்கள்.

ஏற்றும்போது மேலிருந்து ஒரு நைலான் கயிறு கட்டாயம். கழற்றும்போது நேராகப் பிடுங்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து எடுங்கள், நடுவில் விரல் மாட்டினால் நகம் கறுத்துவிடும்.